அண்ணன் பெயருக்கு மேல் ஒரு கோடு

உட்காருங்க அக்கா. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். கனமில்லை. சாப்பாடும் ஒரு நோட்டும்தான்.

நீங்க எதுவரைக்கும்? பெரிய ஆஸ்பத்திரியா? அப்படியானால் எனக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவீங்க. நான் கோட்டாட்சியர் அலுவலகம். பதினொரு மணிக்கு விசாரணை. சாட்சி சொல்லப் போகவில்லை அக்கா, விசாரணையே என் மேல்தான்.

அப்படிப் பார்க்காதீங்க. நான் எதையும் எடுக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரை நீக்கினேன். விதிப்படி நீக்கினேன். அதற்குத்தான் மோசடி என்று மனு. ஒரே பக்க மனுவில் நான்கு இடத்தில் அந்த வார்த்தை வருகிறது.

மனு கொடுத்தவர் யார் தெரியுமா? இதே பஸ்ஸில்தான் வருகிறார். கடைசி சீட்டில், நீலக் கட்டம் போட்ட சட்டை. திரும்பாதீங்க அக்கா, திரும்பாதீங்க! அப்புறம் கண்டக்டரைத் தேடுகிற மாதிரிப் பாருங்க. அவர் என் கூடப் பிறந்த அண்ணன். மனுவில் மனுதாரர் மாசிலாமணி, தந்தை பெயர் கன்னியப்பன். எதிர்மனுதாரர் வினோதினி, தந்தை பெயர் கன்னியப்பன். டைப் அடித்தவருக்கு அது வினோதமாகவே தெரிந்திருக்காது போல.

எங்கள் ஊரிலிருந்து காலையில் இந்த ஒரு பஸ்தான். ரெண்டு பேரும் இதில்தான் வந்தாக வேண்டும். ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றோம், அவர் நிழற்குடைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இதில் அம்மா வேறு ஒரே பையில் ரெண்டு டப்பாவையும் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். "மேல இருக்கறது உன்து, கீழ இருக்கறது அவன்து" என்றாள். எப்படி அம்மா நான் கொடுப்பது என்று கேட்டேன். "பெரிய ஆபீசர் முன்னாடி போயி அவ்ளோ பேசுவீங்களே, சோத்தப் பத்தி ஒரு வார்த்த பேசிக்க மாட்டீங்களா" என்றாள். அம்மா அப்படித்தான். இப்போதெல்லாம் என்னிடம் ரொம்பவும் பேசுவதில்லை, பேசினால் இப்படி.

உங்களுக்குத் தொந்தரவு இல்லை என்றால் நடந்ததை ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். அங்கே போய்ச் சொல்ல வேண்டியதைத்தான். யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் அங்கே தடுமாறாமல் வரும். எங்கேயாவது தப்பாகத் தெரிந்தால் நிறுத்திக் கேளுங்க. அதிகாரி கேட்கிற மாதிரி கேளுங்க.

நான் பி.எஸ்சி. கணிதம். எங்கள் காலனியில் முதல் டிகிரி நான்தான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. அதற்காக அண்ணன் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து, எங்கள் வீட்டில் இவளைத் தவிர யாரும் பட்டம் படிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். பன்னிரண்டாவதில் என்னைவிட அதிக மார்க் எடுத்தவர். நான் படிக்க வேண்டும் என்பதால் அவர் கம்பெனிக்குப் போனார். அது இப்போது விஷயம் இல்லை.

வேலை அங்கன்வாடியில். பால்வாடி டீச்சர் என்பார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக முடிந்தால்தான் நிரந்தரமாக்குவார்கள். இன்னும் ரெண்டு மாதம் பாக்கி. பிள்ளைகளைப் பார்ப்பதோடு இன்னொரு வேலையும் எங்கள் தலையில்தான். பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். அலுவலர் என்றதும் பெரிதாக நினைக்காதீங்க. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இன்னார் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, ஊரைவிட்டே போய்விட்டாரா என்று பார்த்து எழுதுவது. அவ்வளவுதான்.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்: வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும். மூன்று தடவையும் ஆள் இல்லை, நிரந்தரமாக வேறு ஊரில் இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னால், வீட்டில் அறிவிப்புக் கொடுத்து, ஏழு நாள் காத்திருந்து, நீக்கச் சொல்லி எழுதலாம். மற்றவர்கள் எல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரி விடாமல் எழுதினேன். இந்த நோட்டுதான் அது. ஆபீஸ் நோட்டு இல்லை அக்கா, என் சொந்த நோட்டு. ஆபீசுக்குப் போகிற படிவத்தில் முடிவு மட்டும்தான் இருக்கும். என்றைக்குப் போனேன், எத்தனை மணிக்கு, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இதில்தான்.

எங்கள் ஊர் ஆலத்தாங்கல். ஆறாவது வார்டு என்பது ஊர்த்தெரு பாதி, எங்கள் காலனி பாதி. ரெண்டுக்கும் பட்டியல் ஒன்றுதான். நான் வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே டீக்கடையில் என் காதில் விழுகிற மாதிரி ஒருவர் சொன்னார்: "காலனிப் பொண்ணு கையில லிஸ்ட்டக் குடுத்துட்டானுங்க. இனிமே அங்க செத்தவனும் வரிசையில வந்து நிப்பான்." எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர்கூடச் சிரித்தார். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என்னைப் பார்த்து ஒருவர்கூட விரல் நீட்டக் கூடாது என்று. இப்போது நீட்டுவது யார் பாருங்க. ஊர்த்தெருக்காரர் ஒருவர் இல்லை. என் அண்ணன், என் தெரு.

முதல் நாள் ஊர்த்தெருவில் தேவராசன் சார் வீடு. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கேட்டுக்கு வெளியே நின்று சார் என்று கூப்பிட்டேன். "அட, டீச்சரா? உள்ள வாங்க" என்றார். டீச்சர் என்றார் அக்கா. வாங்க என்றார். எங்கள் அப்பா அந்த வீட்டுக்குப் பத்து வருஷம் நெல் மூட்டை தூக்கினார், பின்வாசல் வழியாகத்தான். எனக்குப் போர்ட்டிகோவில் நாற்காலி போடச் சொன்னார். ஃபேன் போடச் சொன்னார். காபி வந்தது. அவருக்கு டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். கொரோனாவுக்கு அப்புறம் சுத்தம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கொடுக்கிறார்கள், நல்லதுதான்.

நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு. உன்ன மாதிரி ஒரு நேர்மையான பிள்ளைய இந்த ஊர்ல நான் பாத்ததில்ல" என்றார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். அண்ணனைப் பற்றிக்கூட அக்கறையாக விசாரித்தார். "மாசிலாமணி எப்படி இருக்கான்? திருப்பூர்லயே செட்டிலாயிட்டானா?" ஆமாம் சார், குடும்பமே அங்கேதான் என்றேன். "நல்லது, நல்லது" என்றார்.

அந்தத் தெருவில் நான்கு வீடு பூட்டியிருந்தது. ஒருவர் பெங்களூர், ரெண்டு குடும்பம் சென்னை, ஒரு குடும்பம் பிள்ளைகள் படிப்புக்காகக் கோயம்புத்தூர். தேவராசன் சாரே நம்பர் கொடுத்தார். "ஒரு போன் போட்டுக் கேட்டுடும்மா. எங்க இருந்தாலும் சொந்த ஊர்ல ஓட்டு இருக்கணும்னு நினைக்கிறவங்க." நான் போட்டேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். பொங்கலுக்கு வருவோம், தேருக்கு வருவோம், அது எங்க வீடுதானே என்றார்கள். ஒருவர் என்னை மேடம் என்றார். எழுதிக்கொண்டேன்: தற்காலிகமாக வெளியூர், தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது, காலை பதினொன்று நாற்பது.

அப்புறம் காலனி. அது மாசி மாதம். எட்டு வீட்டுக்காரர்கள் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். மூன்று தடவை போனேன் அக்கா, பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், உச்சி வெயிலில். பக்கத்து வீட்டில் கேட்டால், "போயிருக்காங்க டீச்சர், எப்ப வருவாங்கன்னு என்னாத்த சொல்றது" என்றார்கள். நம்பர் கொடுக்க யாரும் முன்வரவில்லை. இடம்பெயர்ந்தவர் என்று எழுதினேன். திரும்பி வந்தால் ஆறாம் படிவம் கொடுத்து மறுபடியும் சேர்ந்துகொள்ளலாம், விதியில் வழி இருக்கிறது. வந்தார்கள். யாரும் படிவம் கொடுக்கவில்லை. பெயர் போனதே தெரியாது என்கிறார்கள். நான் என்ன செய்வது?

எட்டு வீட்டுக்கும் முன்னால் நான் எழுதியது எங்கள் வீட்டை. அதை நீங்க கவனிக்க வேண்டும். பட்டியலில் நான்கு பேர். அப்பா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அப்பா பெயர் மேல் கோடு. ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன். அம்மா இருக்கிறாள். நான் இருக்கிறேன். மாசிலாமணி? ஒன்பது வருஷமாகத் திருப்பூர். அண்ணி அங்கே, பையன் அங்கே, பையனுக்குப் பள்ளிக்கூடம் அங்கே. எங்கள் வீட்டு வாசலில் பட்டியலோடு நின்று என்னையே கேட்டுக்கொண்டேன், இவர் இங்கே வசிக்கிறாரா என்று. இல்லை. கோடு போட்டேன்.

என்ன? மூன்று தடவை போனேனா? என் வீட்டுக்கு நான் தினமும் போகிறேன் அக்கா.

தேவராசன் சாரிடம் சொன்னபோது எழுந்தே நின்றுவிட்டார். "சொந்த அண்ணன் பேரையா? கலெக்டர் ஆகவேண்டிய பிள்ளைம்மா நீ" என்றார். "ஆனா இத வெளிய சொல்லிக்காத. நல்ல காரியத்த விளம்பரம் பண்ணக் கூடாது." நான் யாரிடமும் சொல்லவில்லை.

அறிவிப்பை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெரியவர் அம்மாதான். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"இன்னாடி அது?"

"ஆபீஸ் பேப்பர்."

கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். படிக்கத் தெரியாது அக்கா, கையெழுத்து மட்டும்தான் தெரியும். நான் ஆறாவது படிக்கும்போது சிலேட்டில் எழுதிச் சொல்லிக் கொடுத்தது. பச்சையம்மாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து, மூச்சு விட்டு, அடுத்த எழுத்து. அன்றைக்குப் பேப்பரில் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது, அதைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்தாள், என் ஆபீஸ் பேப்பர் அழுக்காகக் கூடாது என்று. நான் வாசித்துக் காட்டத்தான் நினைத்தேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசித்திருப்பேன்.

வரைவுப் பட்டியலை நானே பால்வாடிச் சுவரில் ஒட்டினேன். யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். யாரும் வந்து பார்க்கவில்லை. நான்காவது நாள் பிள்ளைகள் கிழித்துக் கப்பல் செய்துவிட்டார்கள். மறுபடியும் ஒட்டினேன்.

ரயில்வே கேட் போட்டுவிட்டான் போலிருக்கிறது. சரக்கு ரயிலாக இருந்தால் கால் மணி நேரம் ஆகும். பரவாயில்லை, முக்கியமான இடம் இனிமேல்தான்.

ஆவணியில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். அதற்கும் இதே பட்டியல்தான். ஒரு நாள் பால்வாடி முடிந்து வீட்டுக்குப் போகிறேன், அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் தெரு ஆட்கள். ஆறாவது வார்டு மெம்பருக்கு நிற்கப் போகிறாராம். அன்றைக்கு மத்தியானமே வேட்புமனு கொடுத்துவிட்டாராம். கடைசி நாள் அதுதான்.

எதற்கென்றால், எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வருவாய்த் துறை வரைபடத்தில் பாதை இருக்கிறது, தரையில் வாழை இருக்கிறது. தேவராசன் சார் மச்சானுடைய வாழை. அப்பாவை மழையில் வாய்க்காலில் இறங்கித்தான் கொண்டு போனார்கள். இடுப்பளவு தண்ணீர். முன்பக்கம் பிடித்தவர் அண்ணன். பாதி வழியில் கால் வழுக்கி, அப்பா ஒரு பக்கம் சாய்ந்து நனைந்துவிட்டார். அப்போதே அண்ணன் மனதில் போட்டு வைத்திருக்கிறார், அடுத்த தேர்தலில் நிற்பதென்று. ஊர்த்தெருவில் ஓட்டு ரெண்டாகப் பிரியும், காலனி ஒன்றாக நின்றால் ஜெயித்துவிடலாம் என்று ஒரு வருஷமாகப் போனிலேயே பேசிப் பேசி எல்லோரையும் சேர்த்திருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். எப்படியோ ஊர்த்தெருவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. "அவ கவர்மெண்டு வேலையில இருக்கா, இன்னும் பர்மனெண்ட்கூட ஆவல. இதுல அவ பேரு அடிபடக் கூடாது, அவளுக்குத் தெரியாம இருக்கறதுதான் அவளுக்கு நல்லது" என்று சொல்லி வைத்தாராம். அக்கா, கூடப் பிறந்தவளை இதைவிட அந்நியமாக நடத்த முடியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? ஒரே ஒரு வார்த்தை?

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீங்களா? கடைசி நாள் முடிந்துவிட்டதே அக்கா. அதோடு அவ்வளவு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் டீ போட்டாள். நான் டம்ளர்களை எடுத்துக் கொடுத்தேன்.

மாற்று வேட்பாளராகக்கூட யாரையும் போடவில்லை. பட்டியலைப் போய்ப் பார்க்கவில்லை. கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது அல்லவா, அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அட்டையை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். பெயர் இருப்பது பட்டியலில்தான், அட்டையில் இல்லை என்று சொல்ல வேண்டியது யார் என்கிறீங்க? நான்தான். கேட்டால் சொல்லியிருப்பேன்.

வேட்புமனு பரிசீலனை அன்றைக்கு நான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவர் கல்யாணத்துக்கு அப்புறம் வேட்டியில் நான் பார்த்ததே இல்லை. "மாமா, நீ கட்சியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"பாப்பா, லிஸ்ட்டுல என் பேரு இல்லையாம்" என்றார். என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவனோ வேணும்னே அடிச்சிட்டான்னு கத்தினேன். தேர்தல் ஆபீசர் மேடம் ஃபைல எடுத்துக் காட்டினாங்க. உன் கையெழுத்து. கீழ அம்மா கையெழுத்து."

"விதிப்படிதான் அண்ணா, ஒன்பது வருஷமா நீ..."

"அத்தன பேரு முன்னாடி கத்திட்டேன் பாப்பா. அடிச்சவன் கைய ஒடைப்பேன்னு."

அந்தப் பிள்ளை முட்டையைக் கீழே போட்டுவிட்டு அழுதது. அண்ணன் குனிந்து எடுத்து, மண்ணை ஊதி, வெள்ளையை மட்டும் உரித்துவிட்டு மஞ்சள் கருவைப் பிள்ளை கையில் கொடுத்தார். அப்புறம் நிமிர்ந்து, "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சு இல்லை. அடுத்த வாரம் என் மேல் இந்த மோசடி மனு.

அண்ணன் வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள், அதே வார்டுக்கு நின்ற தேவராசன் சார் போட்டியின்றித் தேர்வு. ஊர்த்தெருவில் நிற்பதாக இருந்த இன்னொருவரும் வாபஸ் வாங்கிவிட்டார். அன்றைக்கு ஊர்த்தெருக்காரர்கள் ரெண்டு தெருவிலும் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். எங்கள் தெருவில் நான் கைநீட்டி வாங்கிவிட்டேன் என்று பேச்சு. "அண்ணன் பேர எவ்ளோக்கு வித்த?" என்று தண்ணீர்க் குழாயில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இப்போது காஸ் ரசீது வந்தால்கூட எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய், இதுல இன்னா எழுதியிருக்குது என்று கேட்கிறாள். வீட்டில் பட்டதாரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன் அக்கா.

நான் தேவராசன் சாரிடம் போனேன். நான் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்று அவருக்குத் தெரியும், அதை நாலு பேரிடம் சொன்னால் போதும். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவர் கேட் வரைக்கும் வந்து, "இங்கயே சொல்லும்மா" என்றார். சொன்னேன். "அது உங்க வீட்டுப் பிரச்சனை, நான் தலையிட்டா நல்லாருக்காது. நீ போ" என்றார். நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

நேற்று அவரே போன் செய்தார். "விசாரணைக்கு அந்தச் சொந்த நோட்டெல்லாம் எதுக்கு எடுத்துட்டுப் போற? ஆபீஸ் ஃபைல்ல எல்லாம் சரியா இருக்கு. உங்க அம்மா கையெழுத்தே உன்னக் காப்பாத்தும்." எனக்கு அது பிடிக்கவில்லை அக்கா. என் நேர்மைக்கு ஆதாரமே இந்த நோட்டுதான், இதைப் போய் விட்டுவிட்டு வா என்கிறார். இதை வைத்துத்தான் நான் யார் என்று காட்டப் போகிறேன். பாருங்க, நீங்களே பாருங்க. தேதி, நேரம், ஒரு அடித்தல் கிடையாது.

இதுவா? பதினேழாம் பக்கம். ஊர்த்தெருப் பூட்டிய வீடுகள். ஓரத்தில் இருப்பது போன் நம்பர்கள், நான் சொன்னேனே. நான்கு வீடு, நான்கு நம்பர்.

காலனி இருபத்து மூன்றாம் பக்கத்திலிருந்து. ஓரத்தில் ஒன்றும் இல்லை, ஆமாம். முதலில் இருப்பது எங்கள் வீடு.

அண்ணன் நம்பர் எதற்கு எழுத வேண்டும்? எனக்கு மனப்பாடம்.

இல்லை. பண்ணவில்லை.

விதியில் போன் செய்யச் சொல்லி இல்லை அக்கா. மூன்று தடவை போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. அவர்களுக்குச் செய்தது ஒரு உதவியாக... தேவராசன் சார் கேட்டுக்கொண்டதால். அண்ணனும் பொங்கலுக்கு வருவார், ஆமாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் வருவார். பஸ் கிடைக்காமல் ஒரு தடவை லாரியில் நின்றுகொண்டே வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். மை காட்டிக்கொண்டு அப்பாவோடு ஒரு போட்டோகூட இருக்கிறது. அது இப்போது...

போன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இருக்கட்டும் பாப்பா, அது எங்க வீடுதானே என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொன்னால் நான் எழுதியாக வேண்டும். எழுதியிருந்தால் ஊர்த்தெருவில் சொல்லியிருப்பார்கள், பாத்தியா, அண்ணன் பேர வச்சிகிட்டா என்று. அந்த நாற்காலியில் மறுபடியும் உட்கார...

இந்த வரியா? அக்கம்பக்க விசாரணை என்ற இடம். நிரந்தரமாகத் திருப்பூரில் தங்கிவிட்டார். சொன்னவர்: தேவராசன், ஊர்த்தெரு. ஆமாம். எங்கள் வீட்டுக்கு அக்கம்பக்கம் அவர் இல்லைதான். ஊர்த்தெருவிலிருந்து எங்கள் வீடு அரைக் கிலோமீட்டர். என் கையெழுத்துதான் அது. முத்து முத்தாக இருக்கிறது.

கேட் திறந்துவிட்டான்.

அம்மா நேற்று ஒன்று சொன்னாள். அண்ணன் வக்கீலைப் போய்ப் பார்த்தாராம். தேர்தலே செல்லாது என்று கோர்ட்டில் கேட்கலாம், ஆனால் உங்களுக்கு ஒரு நியாயம் மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது என்று வக்கீல் கேட்டாராம். அண்ணனிடம் என்ன இருக்கிறது? அந்தப் பழைய அட்டைதான். இன்றைக்கும் அதைத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பார். இந்த நோட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆபீசில் யாருக்கும் தெரியாது. ஃபைலில் எல்லாம் சரியாக இருக்கிறது. பதினொரு மணிக்குப் போய் அம்மா கையெழுத்தைக் காட்டிவிட்டு வந்தால் ரெண்டு மாதத்தில் நான் நிரந்தரம்.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது அக்கா. நீங்க பின்படியில்தானே இறங்குவீங்க? ஒரு உதவி. போகிறபோது இந்தப் பையை அந்த நீலச் சட்டைக்காரரிடம் கொடுத்துவிடுங்க. அவருடைய சாப்பாடு. என் டப்பாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இருங்க.

ஒரு டப்பா தனியாக இருந்தால் பை சாய்ந்துவிடும். மீன் குழம்பு, ஊற்றிவிடும். இந்த நோட்டை உள்ளே முட்டுக் கொடுத்து வைக்கிறேன். உங்க டிக்கெட்டைக் கொடுங்க, நீங்க இறங்கத்தானே போறீங்க. இது பதினேழாம் பக்கத்தில். இருபத்து மூன்றில் என் டிக்கெட். எனக்கு இன்னும் ஒரு ஸ்டாப்தான், செக்கிங் வந்தால் வரட்டும்.

இது எதற்கு என்று கேட்டால், டப்பா சாயாமல் இருக்க வைத்தது என்று சொல்லுங்க. வேறு எதுவும் சொல்ல வேண்டாம். போங்க அக்கா, கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பன்னிரண்டாவதில் என்னைவிட அதிக மார்க் எடுத்தவர் அவர். அவருக்கு வாசிக்கத் தெரியும்.